தேயிலை இலையும் ஒளியின் வெப்பநிலையும்

மாசி மாதத்தில் மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் வானம் தெளிந்திருக்கும். ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளைப் பல மாதங்கள் மூடியிருக்கும் முகிற்கூட்டம் அப்போது இல்லை. காலை முதல் மாலை வரை வெயில் தடையின்றி விழுகின்றது. மணமும் நிறமும் மிக்க தேயிலைக்குரிய பருவம் இதுவென்று கொழும்பு ஏலச் சந்தையில் உள்ளோர் கூறுவர். ஆயின், அதே நாட்களிலேதான் கொழுந்தின் நிறை குறைகின்றது. மடுவத்தில் தராசின் முன் கூடையை இறக்கும் பெண்ணை நோக்கி, "வெயிலு நல்லாத்தானே அடிக்குது, கொழுந்து எங்க புள்ள?" என்று கணக்கப்பிள்ளை கேட்பதை, இக்கட்டுரையாளன் சிறுவயதில் ஒரு தோட்டத்திலே பலமுறை செவிமடுத்ததுண்டு. வினா வடிவில் வந்ததாயினும் அஃது ஒரு குற்றச்சாட்டு. செடி அங்கேயே நிற்கின்றது, வெயிலுக்கும் குறைவில்லை, எனவே குறை பறிப்பவளின் கைகளிலே என்பது அதன் உட்பொருள்.

மண்ணின் வறட்சியும் இரவின் குளிரும் அவ்வினாவுக்குரிய விடையின் பெரும்பகுதியாகும். எஞ்சிய பகுதி பௌதிகத்தின் ஓர் இளம் துறையிலே கிடக்கின்றது. ஒளியும், ஒரு மூலக்கூறு போன்ற எளிய சொட்டுத் தொகுதியும் தம்முள் சக்தியைப் பரிமாறும்போது வெப்பவியக்கவியலின் விதிகள் எவ்வுருவிற் செயற்படுகின்றன என்பதை ஆராயும் துறை அது. சொட்டு வெப்பவியக்கவியல் என அதனை வழங்கலாம். பெயர் அச்சுறுத்துவதாயினும் அதன் அடிப்படைக் கருத்துக்கள் தேயிலைத் தொழிற்சாலையின் வாயிலிலிருந்தே தொடங்கத்தக்கவை.

தேயிலையை உலர்த்தும் அறையிலிருந்து வெளியேறும் காற்றை எடுத்துக்கொள்வோம். அதில் வெப்பம் ஏராளமாக உண்டு. எனினும் அவ்வெப்பத்தைக் கொண்டு கொழுந்தை உருட்டும் இயந்திரத்தின் சில்லைச் சுழற்ற எவரும் முயல்வதில்லை. வெப்பத்தின் அளவு ஒன்று. அதிலிருந்து பெறத்தக்க வேலை மற்றொன்று. சூடான பொருளுக்கும் குளிர்ந்த சூழலுக்குமிடையே எவ்வளவு வெப்பநிலை வேறுபாடு உளதோ அதற்கேற்பவே வெப்பம் வேலையாக மாறும் என்பதை 1824 ஆம் ஆண்டில் பிரான்சியப் பொறியியலாளரான சாடி கார்னோ நிறுவினார். நீராவி எஞ்சினுக்காகச் செய்யப்பட்ட அந்த ஆய்வு நீராவி எஞ்சின் வழக்கொழிந்த பின்னரும் வழக்கொழியவில்லை. ஏனெனில் அது எஞ்சின் எதனாற் செய்யப்பட்டது என்று கேட்பதில்லை.

ஒளிக்கும் வெப்பநிலை உண்டோ? 1900 ஆம் ஆண்டிலே மக்ஸ் பிளாங்க் தந்த கதிர்ப்பு விதி இதற்கு ஆம் என்கின்றது. ஒரு குறித்த மீடிறனையும் திசையையும் உடைய ஒளிநிலை ஒவ்வொன்றிலும் சராசரியாக எத்தனை போட்டன்கள் உள்ளன என்று எண்ணினால், அவ்வெண்ணிக்கையிலிருந்தே அவ்வொளியின் வெப்பநிலையைக் கணிக்கலாம். ஒளியைப் போட்டன்களின் கூட்டமாகவே கொண்டு அவ்விதியை நிறுவும் வழியை 1924 இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்ரைனுக்கு எழுதி அனுப்பினார். ஐன்ஸ்ரைன் தாமே அதனை ஜேர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். நமது பகுதியின் ஒரு பல்கலைக்கழக விரிவுரையறையிலிருந்து இத்துறையின் மூலக்கல் ஒன்று சென்றது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னர், 1917 இல், ஐன்ஸ்ரைன் மிக எளிய தொகுதியொன்றை ஆராய்ந்தார். அதற்குச் சக்திப் படிகள் இரண்டே உள. கீழ்ப்படியிலிருப்பது போட்டனை உறிஞ்சி மேலேறும். மேற்படியிலிருப்பது தானாகவே ஒளியைக் காலிக் கீழிறங்கும். வந்து மோதும் ஒளியின் தூண்டுதலாலும் இறங்கும். உறிஞ்சல், தன்னிச்சைக் காலல், தூண்டிய காலல் என்னும் இம்மூன்றும் சமப்பட்டு நிற்கும்போது, மேற்படியிலும் கீழ்ப்படியிலும் உள்ள மூலக்கூறுகளின் விகிதம் ஒளியின் வெப்பநிலையைக் காட்டும் கருவியாகின்றது. இரு படிகளையுடைய தொகுதி என்பது உண்மையில் ஒளிக்குரிய வெப்பமானி.

பச்சையம் அத்தகைய வெப்பமானிக்கு அண்மையான உதாரணமாகும். அதன் தாழ்ந்த கிளர்நிலை 680 நனோமீற்றர் அலைநீளமுள்ள செவ்வொளிக்கு ஒப்பானது. சக்தி வேறுபாடு ஏறத்தாழ 1.82 இலத்திரன்வோற்று. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையை 16 பாகை செல்சியசு, அதாவது 289 கெல்வின் எனக் கொள்வோம். இருளில், அவ்வெப்பத்தால் மட்டும் ஒரு பச்சைய மூலக்கூறு மேற்படிக்கு ஏறும் நிகழ்தகவு என்ன? 1 என்ற எண்ணின் பின்னே 31 பூச்சியங்களை இட்டால் வரும் எண்ணிக்கையான மூலக்கூறுகளில் ஒன்றுகூட அந்நிலையிற் காணப்படுவது ஐயமே. ஒரு பெருந்தோட்டத்து இலைகள் யாவற்றையும் ஒன்று சேர்த்தாலும் அத்தனை மூலக்கூறுகள் இரா.

இனி வெயிலைப் பார்ப்போம். ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5770 கெல்வின். இச்செவ்வொளியில், ஞாயிற்றின் முகத்தில் 38 ஒளிநிலைகளுக்குச் சராசரியாக ஒரு போட்டன் உண்டு. ஆனால் மலையிலிருந்து பார்க்கும்போது ஞாயிறு வானத்தில் ஒரு சிறு வட்டம். இலையோ எல்லாத் திசைகளுக்கும் திறந்து கிடப்பது. எத்திசையிலிருந்தும் உறிஞ்சவும் எத்திசைக்கும் ஒளியை விடவும் வல்லது. அதன் கண்ணோட்டத்தில் ஞாயிற்று வட்டம் நிரப்பும் பகுதி ஏறத்தாழ 46,000 இல் ஒரு பங்கே. எனவே பச்சையம் உணரும் ஒளியில் பதினேழு இலட்சத்துச் சொச்சம் ஒளிநிலைகளுக்கு ஒரு போட்டன் என்ற அளவே எஞ்சுகின்றது. இதனைப் பிளாங்கின் விதியிலே பிரதியிட்டால் கிடைக்கும் வெப்பநிலை 5770 அன்று. ஏறத்தாழ 1470 கெல்வின். வளிமண்டலம் விழுங்குவதையும் சேர்த்துக் கணித்தால் இன்னுஞ் சற்றுக் குறையும்.

ஆக, இலை என்பது 1470 கெல்வின் அடுப்புக்கும் 289 கெல்வின் மலைக்காற்றுக்கும் இடையே வைக்கப்பட்ட எஞ்சின். கார்னோவின் விதிப்படி ஒவ்வொரு போட்டனின் சக்தியிலும் 80 சதவீதத்துக்கு மேல் வேலையாக மாற இயலாது. ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பநிலையை நேரே இட்டிருந்தால் 95 சதவீதம் என்று வந்திருக்கும். இடையிலுள்ள இழப்பு சக்தியின் இழப்பன்று. குறுகிய ஒரு திசையில் வந்த ஒளி எல்லாத் திசைகளுக்கும் பங்கிடப்பட்டதால் எழுந்த எந்திரப்பியின் விலை அது. ஒளித்தொகுப்பை இவ்வாறு வெப்ப எஞ்சினாக நோக்கும் முறையை 1950களின் இறுதியில் ஒல்லாந்தைச் சேர்ந்த டைசன்ஸ் முன்வைத்தார். 1967 இல் அமெரிக்காவின் பேர்க்கிலியில் ரொஸ், கல்வின் ஆகியோர் அதனை மேலும் செம்மைப்படுத்தினர்.

இக்கணிப்பில் மலையகத்தாருக்கு மிக வேண்டிய செய்தி ஒன்று மறைந்துள்ளது. ஒளியின் வெப்பநிலை, போட்டன்களின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் மாறுவதில்லை. மடக்கை முறையிலேயே மாறுகின்றது. மூடுபனி வந்து வெயிலைப் பாதியாக்கினால் வெப்பநிலை 1470 இலிருந்து 1400 அளவுக்கே இறங்கும். பத்திலொன்றாக்கினாலும் 1270 க்குக் கீழே போகாது. அப்போதும் ஒரு போட்டனிலிருந்து பெறத்தக்க வேலையின் எல்லை 80 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்துக்கே குறைந்திருக்கும். மூடுபனி போட்டன்களின் தொகையைக் குறைக்கின்றது. அவற்றின் மதிப்பைக் குறைப்பதில்லை என்றே கூறலாம். (அடர்ந்த மரத்து இலைகளினூடு வடிந்து வரும் ஒளியின் கதை வேறு. அங்கே செவ்வொளியை மேலுள்ள இலைகள் முன்னரே உண்டு விடுகின்றன.)

கார்னோவின் எல்லை எவ்வாறு ஒரு தனி மூலக்கூற்றினுள்ளே செயற்படுகின்றது என்பதைக் காட்டிய ஆய்வு தாவரங்களைப் பற்றியதன்று. 1959 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஸ்கோவில், சூல்ஸ்-டுபுவா என்னும் இருவர், மூன்று சக்திப் படிகளையுடைய மேசர் ஒரு வெப்ப எஞ்சினே என எழுதினர். சூடான மூலம் துகளைக் கீழ்ப்படியிலிருந்து உச்சிப்படிக்கு ஏற்றும். உச்சியிலிருந்து நடுப்படிக்கு இறங்கும்போது வெளிவரும் சக்தியைக் குளிர்ந்த மூலம் வெப்பமாக வாங்கிக்கொள்ளும். நடுவிலிருந்து அடிக்கு இறங்கும்போது எஞ்சியது வேலையாக வெளிவரும். இவ்வெஞ்சினின் வினைத்திறன் வெறும் ஒரு விகிதம்: வெளிவரும் போட்டனின் மீடிறனை உட்சென்ற போட்டனின் மீடிறனால் வகுத்தால் வருவது. இவ்விகிதம் கார்னோவின் எல்லையைத் தாண்டினால் நடுப்படியில் போதிய துகள்கள் தேங்கா, எஞ்சின் ஓடாது. ஆடுதண்டோ உருளையோ இன்றி, ஓர் அணுவின் மூன்று படிகளிலே இரண்டாம் விதி எழுதப்பட்டிருப்பதை இவர்கள் காட்டினர்.

பச்சையம் நீலவொளியை உறிஞ்சும்போது நடப்பது ஏறத்தாழ இதுவே. 430 நனோமீற்றர் அளவிலான நீலப் போட்டன் 2.88 இலத்திரன்வோற்றுச் சக்தியோடு மூலக்கூற்றை உச்சிப்படிக்கு ஏற்றுகின்றது. ஒரு செக்கனின் கோடியில் ஒரு பங்கிலும் மிகச் சிறிய நேரத்துள் அது செவ்வொளிக்குரிய நடுப்படிக்கு விழுகின்றது. வேறுபாடு சுற்றியுள்ள புரதத்துக்கும் நீருக்கும் வெப்பமாகச் செல்கின்றது. நடுப்படியிலிருந்து, இலத்திரனொன்று அடுத்த மூலக்கூற்றுக்குத் தாவும்போதுதான் வேலை தொடங்குகின்றது. ஆகவே நீலப் போட்டனும் சிவப்புப் போட்டனும் செடிக்குச் செய்யும் வேலை ஒன்றே. நீலத்தின் மிகைச் சக்தி வீண் என்று கருதற்க. அந்த வீழ்ச்சி ஒருவழிக் கதவாகச் செயற்படுகின்றது. ஏறிய மூலக்கூறு மீண்டும் நீலவொளியைக் காலித் தோற்றுப்போகாமற் காப்பது அதுவே. நடுப்படியிலும் வேலைக்கு வழி அடைபட்டால் ஒளி செந்நிறமாகத் திரும்பி வரும். பச்சிலைச் சாற்றை மதுசாரத்திற் கரைத்து, இருளில் நீலவொளி பாய்ச்சிப் பார்த்தால் கரைசல் இரத்தச் சிவப்பாக ஒளிரும். பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யத்தக்க இப்பரிசோதனையைக் காட்டிலும் இவ்விதியைக் கண்ணுக்குக் காட்டும் வேறு வழியை நான் அறியேன்.

சிறு சொட்டுத் தொகுதியொன்று பெரிய சூழலோடு தொடர்புற்று மாறும் விதத்தைக் கணித முறையில் எழுதுவதற்கு வேண்டிய சமன்பாடு 1976 இலே கிடைத்தது. அதனைக் கண்டோர் கொரினி, கொசக்கோவ்ஸ்கி, சுதர்சன் ஆகிய மூவர்; அதே ஆண்டில் லின்ட்பிளாட் தனித்து அதே முடிவை எட்டினார். ஈ.சி.ஜி. சுதர்சன் கேரளத்திற் பிறந்து சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கற்றவர். 1980களில் சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்துக்குப் பணிப்பாளராகவும் இருந்தவர். ஒளியின் சொட்டு நிலைகள் பற்றிய அவரது 1963 ஆம் ஆண்டு ஆய்வும் இத்துறைக்கு அடிப்படையானதே. 1979 இல் போலந்தைச் சேர்ந்த அலிக்கி இச்சமன்பாட்டைக் கொண்டு சொட்டு எஞ்சின்களின் வெப்பத்தையும் வேலையையும் வரையறுத்து, கார்னோவின் எல்லை அங்கும் மீறப்படுவதில்லை என நிறுவினார்.

இத்துறை பற்றிய ஒரு மயக்கத்தையும் இங்கு சுட்டுதல் வேண்டும். 2007 இல் பேர்க்கிலியில் கிரகாம் பிளெமிங் குழுவினர், ஒளித்தொகுப்புப் பற்றீரியா ஒன்றின் புரதத்தை 77 கெல்வினுக்குக் குளிர்த்தி லேசர்த் துடிப்புக்களால் ஆராய்ந்தபோது நெடுநேரம் நிலைக்கும் அலைவுகளைக் கண்டனர். இலைகள் சொட்டுக் கணனிகள் என்ற பேச்சு உடனே பரவியது. அதிலிருந்து ஆன்மிக வாணிகம் வரையும் சிலர் சென்றனர். 2020 இல் பல நாட்டு ஆய்வாளர் இணைந்து வெளியிட்ட மறுபரிசீலனை, அவ்வலைவுகள் பெரும்பாலும் மூலக்கூற்று அதிர்வுகளைச் சார்ந்தவை என்றும், சக்திக் கடத்தலுக்கு அவை இன்றியமையாதனவல்ல என்றும் முடிவு செய்தது. வெயில் லேசர்த் துடிப்பன்று. அது தொடர்ச்சியாகவும் ஒழுங்கின்றியும் வரும் வெப்ப ஒளி. இலையின் வியப்பு மாயத்தில் இல்லை. படிகளின் அமைப்பிலும் வேகங்களின் ஒழுங்கிலுமே உளது.

அந்த வேகங்களுக்கு வருவோம். முழு வெயிலிலும் ஒரு பச்சைய மூலக்கூறு செக்கனுக்குப் பத்தளவான போட்டன்களையே உறிஞ்சும். ஆனால் இருநூறு முந்நூறு பச்சைய மூலக்கூறுகள் ஒன்று சேர்ந்தே ஒரு தாக்க மையத்துக்கு ஊட்டுகின்றன. எனவே மையத்தை வந்தடையும் சொட்டுக்கள் செக்கனுக்கு ஈராயிரம் மூவாயிரம். மையத்துக்கு அப்பாலுள்ள இலத்திரன் பாதை கடத்த வல்லதோ சில நூறு மட்டுமே. எஞ்சினின் சூடான பக்கம் ஒளியின் வேகத்தில் இயங்க, குளிர்ந்த பக்கம் நொதியங்களின் வேகத்தில் நடக்கின்றது. எல்லை விதிக்கும் வெப்பவியக்கவியல் ஒருபுறம் நிற்க, இந்த நெரிசலே நண்பகலில் இலையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றது.

மிகைச் சொட்டுக்களை வெப்பமாகக் கழித்துவிடும் வாய்க்கால் ஒன்று இலையிலே உண்டு. மஞ்சள் நிறப்பொருள்கள் சில அதற்குத் துணைபுரிகின்றன. அதுவும் போதாதவிடத்து, கிளர்ந்த பச்சையம் மும்மை நிலைக்கு மாறி, அருகிலுள்ள ஒட்சிசனை வீரியமிக்க வடிவாக்குகின்றது. அது தாக்க மையத்தின் புரதத்தையே சிதைக்கின்றது. இதனை ஒளிநிரோதம் என்பர். தேயிலை காட்டின் கீழ்த்தட்டில் வளர்ந்து பழகிய செடி. அதன் இலையின் ஒளித்தொகுப்பு, முழு வெயிலின் பாதியிலும் குறைந்த ஒளியிலேயே நிரம்பி விடுகின்றது. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஜானகி மொஹொட்டியும் இங்கிலாந்தின் டேவிட் லோலரும் 2002 இல் வெளியிட்ட வயல் ஆய்வு, கடும் வெயிலில் தேயிலை இலைகள் ஒளிநிரோதத்துக்கு உள்ளாவதையும் நிழல் அதனைத் தணிப்பதையும் அளந்து காட்டியது.

கிரெவிலியா, முள்முருக்கு முதலிய நிழல் மரங்களைத் தேயிலை மலைகளில் நட்டோர் போட்டன்களை எண்ணியவரல்லர். 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் வாணிக முறையில் தேயிலை பயிரிட்ட காலத்தில் போட்டன் என்ற கருத்தே பிறக்கவில்லை. 1946 இல் கொப்புள நோய் இலங்கையை அடைந்த பின்னர், ஈரநிழல் அப்பூஞ்சணத்துக்கு உதவுமென்று உயர்ந்த மலைகளில் நிழலைக் குறைக்கும் போக்கும் ஏற்பட்டது. நோயிலிருந்து காத்தற்கு அது வேண்டியிருக்கலாம். ஆனால் வெயில் மிகுந்தால் விளைவு மிகும் என்ற எண்ணம் எங்கேனும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்குமாயின் அஃது அடிப்படையற்றது.

குளிர்ந்த பக்கத்தின் நொதியங்கள் நைதரசனாலானவை. இலையின் நைதரசனிற் பெரும்பங்கு ஒளித்தொகுப்புக்குரிய புரதங்களிலேதான் உளது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அறுபட்டது இப்பக்கமே. வெயில் வழமைபோல் விழுந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. அவ்வாண்டின் எரிபொருட் பஞ்சத்துக்கும் அதிற் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அடுப்பு எரிந்துகொண்டிருக்க எஞ்சின் நின்றுபோதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் நாட்டில் இல்லை.

ஒரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றை வெல்லமாக்க எட்டுப் போட்டன்களேனும் வேண்டும். செவ்வொளியில் அவற்றின் சக்தி 14.6 இலத்திரன்வோற்று, சேமிக்கப்படுவது ஏறத்தாழ 5. முப்பத்துநான்கு சதவீதம். உறிஞ்சப்படாத நிறங்கள், நீலத்தின் வீழ்ச்சி, சுவாசம் ஆகியவற்றையும் கழித்தால், தேயிலை போன்ற தாவரங்களுக்கு முழு ஞாயிற்றொளியில் 4.6 சதவீதமே கோட்பாட்டு எல்லை என 2008 இல் அமெரிக்க ஆய்வாளர் கணித்தனர். வயல் அதனையும் எட்டுவதில்லை. சேமிக்கப்பட்டதிலும் தண்டுக்கும் வேருக்கும் சென்றவை போக, "இரண்டு இலையும் ஒரு மொட்டும்" எனக் கைக்கு வருவது மிகச் சிறு பகுதி. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என விதிக்கப்பட்டதை அடுத்து, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய நிறையளவு பற்றிய தகராறுகள் பல தோட்டங்களில் மூண்டன. அலுவலகத்தில் ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணாக எழுதப்படும் அந்நிறையளவு, மேலே கண்ட படிகளுள் எதனையும் அறியாதது. மாசியில் இலை வெப்பமாகக் கழித்துவிட்ட சொட்டுக்களைப் பறிப்பவளின் கணக்கிலே பற்று எழுதுவது எம்முறையில் நியாயமாகும்?

மாசி மாதத்து விடியலோடு இக்கட்டுரையை நிறுத்தலாம். முகிலற்ற இரவில் இலை தன் வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ் ஒளியாக வானுக்கு அனுப்புகின்றது. திரும்பி வருவது மிகக் குறைவு. காற்று இரண்டு மூன்று பாகையில் இருக்கும்போதே இலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கிவிடலாம். நுவரெலியாப் பள்ளங்களிலே காணப்படும் துகள் உறைபனி இவ்வாறு உண்டாவதே. காலை ஏழு மணிக்கு வெயில் வந்து விழும்போது ஒளியின் பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கெல்வினில் உடனே இயங்கத் தொடங்குகின்றது. நொதியங்களின் பக்கம் இன்னும் விறைத்துக் கிடக்கின்றது. அந்நேரத்து ஒளிநிரோதம் நண்பகலினதைக் காட்டிலும் எளிதில் நேர்வது. மரத்தின் கீழ் நிற்கும் செடிக்கு இரவிலே கிளைகள் வானை மறைக்கின்றன. காலையிலே ஞாயிற்றை மறைக்கின்றன. திறந்த மலையிலே நிற்கும் செடியின் கருகிய தளிர்களை, சில நாட்களின் பின்னர் பெண்கள் கூடையிற் சேராதபடி கிள்ளி எறிந்துவிட்டு அடுத்த நிரைக்குச் செல்கின்றனர்.